புரட்டாசிக் கீரையும் நான் செய்யாத பிழையும்

அரவணையில் அறிதுயில் கொண்ட ஆதிமூலமே, அடியேன் எழுத்தில் பொய் கலவாமலும், கோபம் அளவு மீறாமலும் காத்தருள வேண்டும். முதல் வேண்டுதல் நிச்சயம் பலிக்கும். இரண்டாவதைப் பற்றி எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இன்று வைகுண்ட ஏகாதசி. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் சொர்க்கவாசல் வழியே எழுந்தருளிய திருக்கோலத்தைச் சேவித்து, துளசித் தீர்த்தத்தோடு தெம்பனிஸ் வீட்டுக்குத் திரும்பி, வெறும் வயிற்றோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் இளைஞர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். “பழைய நாள்களைப் பற்றி இனிமையாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் ஐயா” என்று கேட்டார்கள். இனிமை வேண்டுமென்றால் அவர்கள் பலகாரக் கடைக்குப் போயிருக்கலாம்.

கேட்க வந்த அதே நாளில் அவர்கள் புதிதாக வந்த ஒரு கருவியையும் காட்டினார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரின் விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு இரத்தம். ஒரு நிமிடத்தில் கண்ணாடிச் சதுரத்தில் ஓர் எண். “எவ்வளவு சுலபம் பாருங்க ஐயா” என்றது ஒரு பெண் பிள்ளை. “அந்த எண் ஏன் போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று கருவி சொல்லுமா?” என்று கேட்டேன். “அது டாக்டர் வேலை” என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. அதைச் சொன்ன வாய்களின் வரிசையில் முன்னால் நின்றவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். இரண்டாண்டு கண்ணாடிக் குழாய் கழுவினேன், இரண்டாண்டு இரவல் நூல்களில் படித்தேன், ஒரு தேர்வில் தோற்று அடுத்ததில் தேறினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. உண்மையான பயிற்சி திரு. செல்லத்துரையிடம் தொடங்கியது.

செல்லத்துரை எங்கள் தலைமை நுட்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர்; நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் நிறுத்து கடிகாரம். அவர் யாரையும் பாராட்டியதில்லை. யாரையும் உரத்துத் திட்டியதும் இல்லை. தவறு கண்டால் கண்ணாடிக் குழாயை நம் கையிலிருந்து மெல்ல வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டு, “திரும்பச் செய்யும்” என்பார். அந்தக் கொட்டும் ஓசை ஒரு கன்னத்து அறையைவிட வலிக்கும்.

இரத்தம் உறையும் நேரத்தைக் கணிக்க அந்நாளில் முயலின் மூளை வேண்டும். அதற்கான பொடி அயல்நாட்டிலிருந்து வரும்போது கப்பல் வெக்கையில் வீரியம் கெட்டுவிடும் என்று செல்லத்துரை நம்பினார். ஆகவே நாங்களே தயாரித்தோம். மூளையின்மேல் படர்ந்த மெல்லிய சவ்வையும் நரம்பு இழைகளையும் ஒன்று விடாமல் உரித்தெடுத்து, உரலில் இட்டு அசிட்டோன் ஊற்றி அரைக்க வேண்டும். மணல்போல் உதிரும்வரை அரைத்து, காயவைத்து, குளிர்ப்பெட்டியில் வைப்போம். நான் அந்த வேலையைச் செய்வது தெரிந்து, கோயிலில் என்னோடு பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார மறுத்தார். அவருடைய மாமியாருக்குக் காலில் இரத்தம் கட்டியபோது முதல் ஆளாக என் வீட்டுக் கதவைத் தட்டியவரும் அவரே. அன்று என் கை தீண்டத் தகுந்ததாகிவிட்டது.

பரிசோதனை இப்படி நடக்கும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் நீர் கலந்த புட்டி வரும். அளவு ஒரு சொட்டு பிசகினாலும் செல்லத்துரை ஏற்கமாட்டார். அதைச் சுழற்றித் தெளிந்த மஞ்சள் நீரை எடுத்து, உடற்சூட்டில் நிற்கும் நீர்த்தொட்டியில் குழாயை நிறுத்தி, மூளைக் கரைசலைச் சேர்த்து, கடைசியாகச் சுண்ணக் கரைசலை ஊதிவிட வேண்டும். அந்தக் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று சிலந்தி நூல்போல ஒரு வெண் இழையைப் பிடிக்கும். “ம்” என்று சொல்ல வேண்டும். கடிகாரம் நிற்கும்.

குழாயைச் சாய்க்கிறவன் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. கடிகாரத்தை வைத்திருப்பவர் குழாயைப் பார்க்கக் கூடாது. குழாயில் எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. ஒவ்வொன்றும் இரண்டு முறை. இரண்டுக்கும் ஒரு வினாடிக்குமேல் வேறுபாடு இருந்தால் இரண்டும் தொட்டிக்குப் போகும். நலமான ஒருவரின் இரத்தம் பதின்மூன்று வினாடியில் நூல் பிடிக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முப்பதை ஒட்டி இருந்தால் நிம்மதி. அதற்கு மிகக் குறைந்தால் இரத்தம் கட்டி மூளைக்கோ காலுக்கோ போய் அடைக்கும். மிகக் கூடினால் எங்கே உடையும் என்று பிரமனுக்கும் தெரியாது. எலிகளைக் கொல்ல வைக்கிற நஞ்சும் அதே மருந்துதான். இரண்டுக்கும் இடையில் நிற்பது அளவு ஒன்றே.

இனி ரெங்கசாமியண்ணன்.

செம்பவாங் கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் அவர் பாரம் தூக்கக் கயிறு கட்டுகிறவர். சாரத்தின்மேல் ஏறி, பாரந்தூக்கியின் கொக்கிக்கு வழி காட்டுகிற வேலை. இருதயத்தின் ஒரு வால்வு பழுது. அங்கே கட்டிய இரத்தம் போய் இடது காலை ஒருமுறை அடைத்துவிட்டது. காலைக் காப்பாற்றி மாத்திரையில் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் நடக்கும் சிகிச்சைக் கூடத்தில் நோயாளிகளுக்கு இரத்தம் எடுப்பது என் முறை. “தம்பி, உங்க ஊசி மட்டுந்தான் கொசு கடிச்ச மாதிரி இருக்கு. அந்த நர்சம்மா குத்தினா கடப்பாரைதான்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். அறுபதுகளின் தொடக்கம் அது. நாளுக்கு ஒரு மாத்திரையில், மாதக் கணக்கில், அவருடைய இரத்தம் இருபத்தெட்டிலும் இருபத்தொன்பதிலும் பிசகாமல் நின்றது.

புரட்டாசி பிறந்தது. முதல் வாரம் இருபத்திரண்டு. இரண்டாம் வாரம் பதினேழு.

கூடத்தின் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் தர்மராஜ். இங்கே பிறந்து, இங்கிலாந்தில் உயர்படிப்பு முடித்துத் திரும்பி ஓராண்டுகூட ஆகாதவர். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தே பேசும் கலையை அங்கே கற்றிருந்தார். தமிழர்தான், தமிழை ஒரு கறைபோல ஒளித்து வைத்திருந்தவர், திட்டுவதற்கு மட்டும் வெளியே எடுப்பார்.

“மாத்திரை போடலைதானே? உண்மையைச் சொல்லுங்க.”

“பெருமாள்மேல சத்தியமா தினம் போட்டேன் சார். என் சம்சாரம் எடுத்துக் குடுக்குது.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க லா. கால் போனாத்தான் புத்தி வரும் உங்களுக்கு.”

ஒரு மாத்திரை ஒன்றரையாயிற்று. மூன்றாம் வாரம் பதினெட்டு. ஒன்றரை இரண்டாயிற்று. அன்று ஊசி குத்தும்போது ரெங்கசாமியண்ணன் வழக்கமான கேலி பேசவில்லை.

“தம்பி, பொய் சொல்றவன்னு எழுதிட்டாரு பாருங்க. புரட்டாசி மாசத்துல நான் பொய் சொல்லுவேனா? கவிச்சியைக் கண்ணால பார்க்கலை. குவார்ட்டர்ஸ் பின்னால முருங்கை மரம் நிக்குது, தினம் அந்தக் கீரைதான், இல்லேன்னா கங்கோங் கீரை. வருசம் பூரா மீனைத் தவிர வேற தெரியாத வாய் எனக்கு.”

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எங்கள் வீட்டிலும் அதேதான் அண்ணே. பெருமாள் பார்த்துக்கொள்வார்” என்றேன். பக்தியோடு சொன்னேன். பச்சைக் கீரையில் இந்த மருந்தை முறிக்கும் சத்து இருக்கிறது என்பது நான் தேர்வுக்கு நெட்டுருப் பண்ணிய பாடம். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஒரு மனிதர் வாய் திறந்து அதையே என்னிடம் சொல்லும்போது என் காதில் கீரை விழுந்தது, பெருமாள் விழுந்தார், பாடம் விழவில்லை. டாக்டரை ஏளனம் செய்ய எனக்கு உரிமை உண்டு. ஆனால் அன்றைய கூடத்தில் முதல் மூடன் நானே.

நான்காம் வாரம் இருபத்தேழு வினாடி. “பார்த்தீர்களா? ஒழுங்காக விழுங்கினால் ஒழுங்காக வேலை செய்யும்” என்று தர்மராஜ் ஆங்கிலத்தில் எல்லாரிடமும் அறிவித்தார். நாளுக்கு இரண்டு மாத்திரை. இனி ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்று அட்டையில் எழுதினார். அந்த வாரமே புரட்டாசி முடிந்தது.

ஐப்பசி பிறந்த நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பகலுணவுக்கு என் மனைவி அலமேலு தேக்கா சந்தையில் வாங்கிய வஞ்சிர மீனைப் பொரித்து வைத்துவிட்டுத் தன் கையை நீட்டிக் காட்டினாள். “பாருங்க, ஒரு மாசமா கீரை ஆய்ஞ்ச கறை இப்பத்தான் விரலை விட்டுப் போகுது. அடுத்த புரட்டாசி வரைக்கும் என்கிட்ட கீரைன்னு கேட்காதீங்க.”

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

செம்பவாங்கில் இன்னொரு சமையலறையிலும் கீரை நின்றிருக்கும். முறிக்கும் சத்து இல்லை. மருந்து மட்டும் இரட்டிப்பு. அந்த மனிதர் நாளைக்கும் சாரத்தில் ஏறுவார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம்.

“என்னங்க, முள்ளா?” என்றாள். கை கழுவ எழுந்துவிட்டேன்.

திங்கள் காலை டாக்டர் தர்மராஜின் அறை வாசலில் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“கீரையா? மிஸ்டர் வரதன், முருங்கைக்கீரைக்காக நான் டோஸ் மாத்தணுமா?”

“மாற்ற வேண்டாம் டாக்டர். ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்க அனுமதித்தால் போதும்.”

“நீங்க கடிகாரத்தைப் பாருங்க. பேஷண்டை நான் பார்க்கிறேன். அவர் மாத்திரை போடலை, திட்டினேன், இப்ப போடறார். முடிஞ்சது லா.”

முடிந்தது. நோயாளியை அழைக்கும் அதிகாரம் அவருக்குத்தான். மாத்திரையை நிறுத்துங்கள் என்று நானே தொலைபேசியில் சொல்லலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். என் ஊகம் பொய்த்து, நிறுத்தியதால் கால் மறுபடியும் அடைத்தால்? இரத்தத்தைப் பார்க்காமல் கூட்டுவதற்கும், பார்க்காமல் குறைப்பதற்கும் வித்தியாசம் என்ன? நான் ஏளனம் செய்த அதே வேலையை நானும் செய்தவனாவேன்.

செல்லத்துரையிடம் போனேன். அவர் மூளைப் பொடி அரைத்துக்கொண்டிருந்தார். உலக்கையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

“கீரை எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“அவரே சொன்னார். மூன்றாம் வாரம்.”

உலக்கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். “மூண்டாம் வாரம். இண்டைக்குத்தான் உமக்குக் கேட்டதோ?”

அவர் கையைக் கழுவி, மேசையின் இழுப்பறையைத் திறந்து, இளஞ்சிவப்புத் தாள்கள் கட்டிய ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். மீள்பரிசோதனைச் சீட்டு. ஆய்வுக்கூடம் தன் பரிசோதனையில் தானே பிழை விட்டுவிட்டதென்று ஒப்புக்கொண்டால், எந்த டாக்டரையும் கேட்காமல் நோயாளியைத் திரும்ப அழைக்கலாம். எங்களுக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. செல்லத்துரை தலைமை ஏற்ற நாளிலிருந்து அந்தப் புத்தகத்தில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. அது அவருடைய பெருமை. அவர் வெளியே காட்டிக்கொண்ட ஒரே பெருமை.

பதிவேட்டைப் புரட்டினார். “அந்த இருபத்தேழு வினாடி. குழாய் சரிச்ச கை ஆருடையது?”

“என்னுடையது.”

“பிழை விட்டனீரோ?”

“இல்லை.”

“எனக்குத் தெரியும். கடிகாரம் என்ர கையில இருந்தது. பிழை விட்டதெண்டு எழுதும்.”

நான் தயங்கினேன். பொய்யாயிற்றே என்றேன்.

“ஓம், பொய்தான். இது பொய்யெண்டு நாளைக்கு நீர் வெளியில சொன்னால், டாக்டர்மாரை வெல்ல நாங்கள் செய்த சூழ்ச்சி எண்டு சொல்லுவினம். பிறகு உண்மையாப் பிழை விடுகிற நாளில் இந்தச் சீட்டை ஒருத்தரும் மதிக்கமாட்டினம். அதனாலே எழுதினால் எழுதினதுதான். ஒருக்காலும் மறுக்கப்படாது. அந்த மனுசனிட்டையும்.”

எழுதினேன். ‘சுண்ணக் கரைசல் அளவில் கவனக்குறைவு. பொறுப்பு: வரதராஜன்.’ அதன் கீழே செல்லத்துரை தம் கையொப்பத்தை இட்டார். ஒவ்வோர் எழுத்தையும் கல்லில் வெட்டுவதுபோல அவ்வளவு நிதானமாக இட்டார். தாளைக் கிழித்த ஓசை அவருக்கும் வலித்திருக்க வேண்டும், முகம் காட்டவில்லை. பட்டறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. அழைப்பு வந்த ஆள் இரத்தம் கொடுத்துத் திரும்பும்வரை உயரத்தில் ஏறக் கூடாது என்ற விதியையும் அவரே வாசித்துக் காட்டினார்.

புதன்கிழமை ரெங்கசாமியண்ணன் வந்தார். ஒரு நாள் வேலை கெட்ட கடுப்போடு வந்தார்.

“என்ன தம்பி, தப்பாப் பார்த்துட்டீங்களாமே? பஸ்ல வந்து சேர எம்புட்டு நேரம் தெரியுமா?”

“மன்னியுங்கள் அண்ணே. பல் விளக்கும்போது இரத்தம் வருகிறதா?”

“நேத்துல இருந்து கொஞ்சம். வேப்பங்குச்சி குத்தியிருக்கும்.” கால்சட்டையைச் சுருட்டித் தொடையையும் காட்டினார். நாவற்பழம் நசுங்கியது போன்ற ஒரு கறுப்பு, உள்ளங்கை அகலம். “ஏணி இடிச்சுது. லேசாத்தான்.”

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, கால் மணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு செவிலியை நிறுத்திவிட்டு நான் ஓடினேன். செல்லத்துரை கடிகாரத்தைப் பிடித்தார். நான் குழாயைச் சாய்த்தேன். அந்த முறை எண் யாருடையது என்று இருவருக்கும் தெரியும். அவருடைய விதி அன்று ஒருநாள் மீறப்பட்டது. சாய்த்தேன், சாய்த்தேன். தண்ணீர். நூல் இல்லை. என் கை மரத்தது. நாராயணா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே சாய்த்தேன். “இரண்டு நிமிசம் கழிஞ்சுது. போதும்” என்றார் செல்லத்துரை. குழாயில் இன்னும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முடிவை அவரே கையில் எடுத்துப்போய் டாக்டர் தர்மராஜின் மேசையில் வைத்தார். டாக்டர் எழுந்து ஓடினார். அதை மறுக்க மாட்டேன். மாத்திரையை நிறுத்தி, படுக்கையில் கிடத்தி, உறைதலைத் திரும்பக் கொண்டுவரும் வைட்டமின் ஊசியைப் போட்டார். கீரையில் இருக்கும் அதே சத்து. மாடிப்படியில் ஒருமுறை தலை இடித்திருந்தாலே அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார். நான்கு நாளில் நலமாகி, பழைய ஒரு மாத்திரைக்குத் திரும்பினார்.

நோயாளியின் கோப்பில் டாக்டர் எழுதியது ஒரே வரி: ‘ஆய்வுக்கூடத்தின் தவறான முடிவை நம்பி அளவு கூட்டப்பட்டது.’ அதற்குமுன் மூன்று வாரம் ஆய்வுக்கூடம் சொன்ன சரியான முடிவுகளை நம்பித்தான் அவர் அளவு கூட்டினார் என்பதைக் கேட்க அங்கே யாருக்கும் நாவில்லை. எனக்கு இருந்தது, அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று. பின்னாளில் அவர் பெரிய பதவிகளுக்கு உயர்ந்து, மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, ஆய்வுக்கூடத்தைக் குருட்டுத்தனமாக நம்பக் கூடாது என்பதற்கு என்னையே எடுத்துக்காட்டாகச் சொல்வாராம். கேட்டவர்கள் வந்து என்னிடம் சொன்னார்கள். அவருடைய வகுப்பில் முருங்கைக்கீரை ஒருநாளும் இடம்பெறவில்லை.

செல்லத்துரை அடுத்த மாதமே பரிசோதனை விண்ணப்பத் தாளின் அடியில் ஒரு வரியை அச்சிட வைத்தார்: ‘சென்ற முறைக்குப்பின் உணவில் மாற்றம் உண்டா?’ இரத்தம் எடுக்கிறவன் கேட்டு எழுத வேண்டும். விரதம், நோன்பு, சீனப் புத்தாண்டு விருந்து எல்லாம் அந்த வரியில் வந்து விழுந்தன. எத்தனை பேர் அதனால் தப்பினார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தப்பியவர்களுக்கே தெரியாதபோது எண்ணுவது எப்படி? இப்போதைய கருவியில் அந்த வரிக்கு இடமில்லை. சீட்டுப் புத்தகமும் ஒழிந்துவிட்டது. செல்லத்துரை, தர்மராஜ், ரெங்கசாமியண்ணன் மூவரும் திருவடி சேர்ந்துவிட்டார்கள். ஆகவேதான் பூட்டைத் திறந்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. கோப்பில் எழுதியிருந்ததை யாரோ ரெங்கசாமியண்ணனுக்குப் படித்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வியாழன் நான் ஊசியோடு போனபோது கையை இழுத்துக்கொண்டார். “நீங்க வேணாம். கடப்பாரையா இருந்தாலும் பரவால்ல, நர்சம்மாவைக் கூப்பிடுங்க.” அதன்பிறகு அவர் என் ஊசிக்குக் கை நீட்டவே இல்லை.

சில ஆண்டுகள் கழித்துப் பெருமாள் கோயில் வாசலில் எதிர்ப்பட்டார். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, சம்பந்தி வீட்டாரோடு வந்திருந்தார். ஒதுங்கப் பார்த்தேன், விடவில்லை. “சம்பந்தி, பார்த்து வச்சுக்குங்க இந்த ஆளை. இவரு பண்ணின தப்புல நான் போயே போயிருப்பேன். பெருமாள்தான் காப்பாத்தினாரு. இவருக்கு நெத்தியில நாமம் ஒரு கேடு!” என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. அலமேலு என் கையை இறுகப் பிடித்தாள். அவளுக்கும் அன்றுவரை நான் சொல்லியிருக்கவில்லை.

“ஆமாம் அண்ணே, தப்புத்தான்” என்றேன்.

அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பிவிட்டது. இன்னும் உரத்துத் திட்டினார். வெயிலில் அவர் முகம், காது, கழுத்து எல்லாம் குப்பென்று சிவந்தன. அத்தனை இரத்தமும் அதனதன் குழாய்க்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்குளிரப் பார்த்தபடி, அவர் திட்டி முடிக்கும்வரை கைகட்டி நின்றிருந்தேன்.

இதைப் படிப்பவர், படிக்கக் கேட்பவர், மலரை வாங்கிப் படிக்காமல் அடுக்கி வைக்கப்போகிறவர், எல்லாரும் வாழ்க. உங்கள் குருதி ஓட வேண்டிய இடத்தில் தடையின்றி ஓடுக; நிற்க வேண்டிய இடத்தில் உடனே நிற்க. உங்கள் நோயைக் கேட்கிறவர், நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் கேட்கும் காது உடையவராய் அமைக. அலர்மேல் மங்கை உறையும் மார்பன் உங்கள் அனைவரையும் காத்தருள்வானாக.